மஞ்சள் துணி கட்டிய கோழி

மைசூருக்கு வெளியே, ரிங் ரோட்டைத் தாண்டிப் போட்டிருக்கும் புதுக் கோழிச் சந்தையில் மாரக்காளுக்குப் பதினாலாம் நம்பர் இடம். தகரக் கூரை, சிமென்ட் தரை, கை கழுவக் குழாய், ஆளுக்கொரு இரும்புக் கூண்டு. ஒரு கூண்டுக்கும் அடுத்த கூண்டுக்கும் நடுவில் ஓர் ஆள் கை காலை நீட்டித் தூங்கலாம், அவ்வளவு இடைவெளி. சுத்தத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் மாரக்காள் சொல்வாள். "ஆசுபத்திரிக்குள்ள கடை போட்ட மாதிரி இருக்குதுங்" என்று வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்லியாகிவிட்டது. கையில் உறை, வாயில் துணி. முப்பத்திரண்டு வருஷம் கோழி விற்றவளுக்கு இப்போது கோழியைக் கையில் பிடித்தாலும் தொட்ட மாதிரியே இல்லை.

அவள் மனசில் சந்தை என்றால் இன்னமும் மண்டி மொஹல்லாவின் அந்தச் சந்துதான். இரண்டு ஸ்கூட்டர் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும்; அந்த அகலத்தில் எட்டுப் பேர் கூடை வைத்து உட்கார்ந்திருந்தார்கள். வாரத்தில் பாதி நாள் அவள் தன் ஊர் ஹனூரைச் சுற்றி வீடு வீடாகப் போய்க் கோழி வாங்குவாள். பதினொரு வீடுகள், வீட்டுக்குப் பத்துப் பதினைந்து கோழி. மீதி நாள் மைசூர். முதல் பஸ்ஸில் கூடைகளை ஏற்றினால் கண்டக்டர் முனிராஜ் கோழிக்கும் அரை டிக்கெட் கிழிப்பார். "டிக்கெட் வாங்குன கோழிக்கு ஜன்னலோரம் சீட்டுக் குடுங்" என்று அவள் வருஷக்கணக்காகக் கேட்டாள், அவரும் வருஷக்கணக்காகச் சிரித்தார், சீட்டு மட்டும் கொடுத்தபாடில்லை. ஊரில் டிராக்டர் ஓட்டும் கணவன் கந்தசாமிக்குக் கோழிக் குழம்பு என்றால் உயிர். கோழி வாடை என்றால் ஆகாது. ஆகையால் தொழில் முழுக்க அவளுடையது.

சந்துக்குள் நுழைந்ததும் ஒரு சத்தம் வந்து காதை அடைக்கும். சேவல், ஹாரன், அறுக்கிற பாயின் கத்தி, டீக்கடைக்காரரின் கன்னடம், பேரம் பேசுகிறவர்களின் உருது, நடுவில் இவளுடைய கொங்குத் தமிழ். நாற்றமும் உண்டு, இல்லையென்று யாரும் பொய் சொல்ல வேண்டாம். புதிதாக வருகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்கள். மாரக்காளோ ஊரில் மூன்று நாள் இருந்தால் அந்த நாற்றத்துக்கே ஏங்கிப் போவாள்.

அவள் கோழி விற்கிற அழகே தனி. கோழியை மடியில் மல்லாத்தி, நெஞ்சு இறகை வாயால் ஊதிப் பிரித்து, "பாருங், சதையப் பாருங், கண்ணாடி மாதிரி" என்று காட்டுவாள். கோழி சோர்ந்திருக்கிறதா என்று சந்தேகம் வந்தால் கன்னத்தோடு கன்னமாக வைத்துச் சூடு பார்ப்பாள். கோடையில் மயங்கிய கோழிக்குத் தன் வாய்த் தண்ணீரை அலகுக்குள் விட்டு எழுப்புவாள். அதையெல்லாம் இன்றைக்கு யாராவது செய்தால் அவளே கையைத் தட்டிவிடுவாள். அன்றைக்கு அது கைப்பழக்கம், அவ்வளவுதான்.

சந்துக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. விற்காத கோழிகளை மத்தியானத்துக்கு மேல் சந்து முனையிலிருந்த பெரிய பொதுக் கூண்டில் விட்டுவிடுவார்கள், எட்டுப் பேருடையதையும் ஒன்றாக. யாருடையது எது என்று தெரிய இடது காலில் ஆளுக்கொரு அடையாளம். மாரக்காளுடையது மஞ்சளில் முக்கிய பழைய புடவைத் துணி. பக்கத்து இடத்துக் குப்புசாமிக்குப் பச்சை நூல். கோழியை அக்குளில் இடுக்கி, ஒரே கையால் முடிச்சுப் போட்டு, மிச்சத் துணியைப் பல்லால் கடித்துத் துப்புவாள். அந்த வேகத்தைப் பார்க்கவே டீக்கடையில் ஆட்கள் நிற்பார்கள்.

இன்னொன்று, மாற்றுக் கோழி. ஆறு கேட்டு ஆள் வந்து, அவளிடம் நான்குதான் இருந்தால், பக்கத்தில் திரும்பி "ணா" என்றால் போதும். குப்புசாமி இரண்டை எடுத்து நீட்டுவார். பச்சை நூலைக் கடித்தெறிந்து மஞ்சள் துணி கட்டிவிடுவாள். அடுத்த நடையில் அவளுடைய இரண்டு அவருக்குப் போய்ப் பச்சையாகும். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. ஒரே ஒரு கட்டுப்பாடு: அடையாளம் மாறிவிட்டால் அந்தக் கோழிக்கு நல்லதோ கெட்டதோ, யார் துணி காலில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பு. பக்கத்து ஆளைக் கை காட்டக் கூடாது. அந்த ஒரு கட்டுப்பாடுதான் எட்டுப் பேரை அத்தனை வருஷம் அடிதடி இல்லாமல் ஒரே சந்தில் உட்கார வைத்திருந்தது.

அதை அவளுக்குக் கற்றுத் தந்ததும் குப்புசாமிதான், வாயால் அல்ல. அவள் வந்த முதல் வருஷம், அவளிடமிருந்து அவர் வாங்கிய மாற்றுக் கோழி ஒன்று, விற்ற மறுநாளே செத்துப் போனது. வாங்கினவர் சந்துக்கு வந்து ஊரைக் கூட்டினார். குப்புசாமி அத்தனை வசவையும் வாங்கிக்கொண்டு, தன் கூடையிலேயே கொழுத்ததாகப் பார்த்து வேறு ஒன்று கொடுத்து அனுப்பினார். ஒரு தடவைகூட மாரக்காள் பக்கம் தலை திரும்பவில்லை. புது ஊரில், பாஷை தெரியாமல் உட்கார்ந்திருந்த இருபத்தைந்து வயசுப் பெண்ணுக்கு அது போதுமானதாக இருந்தது. அன்றிலிருந்து அவர் அவளுக்கு அண்ணன், அவள் அவருக்கு அம்மிணி.

குப்புசாமி கொள்ளேகால்காரர். மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது, மகன் பெங்களூரில். சந்துக்குப் பின்னால் இருந்த வரிசை வீட்டில் அவருக்கு ஓர் அறை, அடுத்தது மாரக்காளின் அறை. வேண்டுதலுக்குக் கோழி அறுக்கிறவர்கள் அவரைத்தான் தேடி வருவார்கள். மாரம்மாவுக்கு நேர்ந்துகொண்டால் வீட்டில் வளர்ந்த கோழியாக இருக்க வேண்டும், பண்ணைக் கோழி ஆகாது. "குப்புசாமி கோழியா, கண்ணை மூடிக்கிட்டு வாங்கு" என்று ஒரு பேர். அந்தப் பேரில் அவருக்கு ஒரு கர்வமும் உண்டு. இருக்கட்டுமே, கர்வப்பட அவரிடம் வேறு என்ன இருந்தது!

மூன்று வருஷத்துக்கு முன் பஸ் படியில் வழுக்கி விழுந்ததில் அவருடைய முட்டி போயிற்று. வீடு வீடாகப் போய்க் கோழி வாங்க முடியாது. "உங்களுக்கும் சேத்து நானே எடுத்தாறனுங் ணா" என்று மாரக்காள் சொல்லிப் பார்த்தாள். "என்ற கோழிய நாந்தேன் எடுப்பன்" என்று முறைத்துக்கொண்டார். எங்கிருந்து எடுத்தாரோ, கூடை மட்டும் காலியாகவில்லை. அவளும் கேட்கவில்லை.

போன வருஷம் மாசியில் ஒரு திங்கட்கிழமை. அவளுடைய கூடை காலியான நேரம், ஒருவர் வந்து ஒரு கோழி கேட்டார். வழக்கம்போல "ணா" என்றாள். வழக்கம்போலக் கோழி வந்தது. பச்சை நூலைக் கடித்தாள், மஞ்சள் துணி கட்டினாள். அதற்குள் கேட்டவர் போனில் பேசிக்கொண்டே சந்தை விட்டுப் போய்விட்டார். கோழி கையில் நின்றுவிட்டது. சரி என்று கோழியின் முகத்தைத் திருப்பிப் பார்த்தவள் அப்படியே இருந்துவிட்டாள். மேல் அலகின் நுனி இல்லை. மழுங்கிக் கிடந்தது.

வீட்டுக் கோழிக்கு யாரும் மூக்கை வெட்டுவதில்லை. நூற்றுக்கணக்கில் அடைத்து வளர்க்கிற ஷெட்டில்தான், ஒன்றையொன்று கொத்திக்கொள்ளாமல் இருக்கக் குஞ்சிலேயே அலகு நுனியைச் சுட்டுவிடுவார்கள். மாரக்காள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் பார்த்ததைக் குப்புசாமியும் பார்த்துவிட்டார். சட்டென்று எதிர்ப்பக்கம் திரும்பி, ஆளே இல்லாத இடத்தில் "வாங்க, வாங்க" என்றார். துணி மாறியாகிவிட்டது. கோழியைப் பொதுக் கூண்டில் விட்டாள்.

மறுநாள் கால்நடைத் துறை டாக்டர் ஸ்ரீகண்டன் வந்தார். மூன்று தலைமுறைக்கு முன் ரயில்வே வேலைக்கென்று மைசூருக்கு வந்த தமிழ்க் குடும்பம். முட்டை கூடத் தொடாத மனிதர். மாசா மாசம் வந்து, பொதுக் கூண்டில் நாற்பது கோழிக்குப் பின்பக்கம் பஞ்சுக் குச்சி விட்டு மாதிரி எடுத்து, காலில் என்ன நிறம் என்று குறித்துக்கொண்டு போவார். "எங்க கோழிகளோட சூத்தாம்பட்டைய உங்களாட்டம் பாத்தவங்க இந்த ஊர்லயே இல்லீங்" என்று மாரக்காள் கேலி செய்வாள். அவரும் காது சிவக்கச் சிரிப்பார். அன்றைக்கும் அப்படித்தான். நாற்பது கோழிக்கும் பின்பக்கத்தைக் கவனமாகப் பார்த்த மனிதர், ஒன்றின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மாதிரி போபால் ஆய்வுக்கூடத்துக்குப் போனது. முடிவு வருவதற்குள் வெள்ளிக்கிழமை கூண்டில் ஆறு செத்தன, சனிக்கிழமை பதினேழு. கொண்டை நீலம் பாரித்து, தலை வீங்கி. ஞாயிற்றுக்கிழமை காலையில் வெள்ளை உடுப்புப் போட்டு ஆட்கள் வந்தார்கள். சந்தில் இருந்த அத்தனை கோழியும் மூட்டைக்குள் போயின. சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, பதினோரு மணிக்கு நின்றேவிட்டது. தரையெல்லாம் சுண்ணாம்பு. மாரக்காள் சுவரோரம் நின்று அழுதாள். அறுக்கத்தானே விற்கிறாய், எதற்கு அழுகை என்று யாரோ கேட்டார்கள்.

எட்டுப் பேரும் பத்து நாள் அறையை விட்டு வெளியே போகக் கூடாது, காய்ச்சல், இருமல் என்றால் உடனே சொல்ல வேண்டும் என்று உத்தரவு. அன்று மத்தியானம் ஸ்ரீகண்டன் அவள் வாசலில், ஆறடி தள்ளி, நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"மாரக்காளம்மா, செவ்வாய்க்கிழமை எடுத்த நாப்பதுல ஒண்ணே ஒண்ணுலதான் கிருமி. அதோட கால்ல உங்க மஞ்சள் துணி. நீங்க கோழி வாங்கற வீடெல்லாம் சொல்லுங்கோ. ஸ்வல்ப நிதானமா, ஒண்ணும் விடாம."

"அங்க என்ன பண்ணுவீங்?"

"நாளைக்குக் காலம்பற டீம் போறது. ஒரு கோழிக்குச் சீக்கு இருந்தாலும் சுத்துவட்டாரத்துல ஒண்ணையும் விட மாட்டா." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கோழி போனா போறதும்மா. எங்கேர்ந்து வந்துதுன்னு சரியாத் தெரியாட்டா, அங்க மனுஷாளுக்கு ஒட்டிண்டிருந்தாக்கூட நமக்குத் தெரியாமயே போயிடும். எனக்கு அதான் பயம்."

மாரக்காள் பதினொரு வீட்டையும் சொன்னாள். ஒவ்வொரு பேரைச் சொல்லும்போதும் அந்த வீட்டுப் பெண் முந்தானையில் அள்ளிக் கோழியைக் கொடுத்தது கண்ணில் வந்தது. பன்னிரண்டாவதாகக் குப்புசாமியின் பேரை மட்டும் சொல்லவில்லை. அவர் தன் போன் நம்பரை ஒரு சீட்டில் எழுதிக் கதவில் செருகிவிட்டுப் போனார்.

அவர் போன பிறகுதான் சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டது. வாயைத் தலையணையில் பொத்திக்கொண்டு இருமுகிற இருமல். காலையில் சுகாதார ஊழியர் வந்து கதவைத் தட்டியபோது குப்புசாமி உள்ளேயிருந்தே "நெம்ப நல்லா இருக்கறனுங்" என்று குரல் கொடுத்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. முக்காட்டை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு எழுந்து போனாள்.

கதவு சாத்தித்தான் இருந்தது, தாழ் இல்லை. குப்புசாமி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டுகிறது போலும். பக்கத்தில் காய்ச்சல் மாத்திரை அட்டை, பாதி தீர்ந்து கிடந்தது.

"எத்தன நாளாச்சுங் ணா?"

"சளிதேன்."

"எங்கிருந்து எடுத்தீங் அந்தக் கோழிய?"

குப்புசாமி மாத்திரை அட்டையைத் தலையணைக்கு அடியில் தள்ளினார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஸ்ரீரங்கப்பட்டணத்துப் பக்கம் ஒரு ஷெட்டு. வயலுக்குள்ள. ரெண்டு வருசமா. அங்க கோழி சாகுதுன்னு கடைசியாப் போனப்பவே சொன்னாங்க. இளிச்சுக்கிட்டே கொறஞ்ச வெலைக்குக் குடுத்தானுக."

"டாக்டருகிட்டச் சொல்லுங். உங்களுக்கு மருந்து வேணுமில்லீங்?"

"சாமிக்கு நேந்துக்கிட்டு வந்தவிகளுக்கும் அதையேதேன் குடுத்திருக்கறன், அம்மிணி." மூச்சு வாங்கியது. "எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுச் சொல்றது? நீயும் சொல்லப்படாது. துணி மாறிருச்சு. அது உன்ற கோழி. பேச்சு முடிஞ்சுது."

"ஹனூர்ல பதினோரு வீட்டுக்குப் போறாங் ணா."

"அப்ப நானே ஹனூருக்குப் போறன், நீ இரு" என்று எழப் பார்த்தார். எங்கே எழ? இருமல் வந்து ஆளை மடக்கிப் போட்டது. உதடு நீலம் பாரித்திருந்தது. மாரக்காளுக்கு அந்தக் கூண்டுக் கோழிகளின் கொண்டை கண்ணில் வந்துபோனது.

வெளியே வந்து தன் அறை வாசலில் நின்றாள். கதவில் செருகிய சீட்டு கையில். முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன், ஊரே வசை பாட, தன் பக்கம் திரும்பாமல் நின்ற அந்தப் பின்னந்தலை அவள் கண் முன்னால் நின்றது. அந்த மனுஷனையா கை காட்டுவது? காட்டாவிட்டால் அந்த மனுஷனே இருக்க மாட்டார். துணியாவது, நூலாவது! அழுதுகொண்டே நம்பரைப் போட்டாள்.

"சார், அது என்ற கோழி இல்லீங். குப்புசாமி அண்ணனோடது. மூக்கு வெட்டுன ஷெட்டுக் கோழி. துணி கட்டுன பொறவு பாத்தன், பாத்தும் கூண்டுல விட்டன், தப்பு என்ற மேலயும் இருக்குது. அண்ணனுக்கு மூச்சு முட்டுதுங். சீக்கிரம் வாங்."

ஆம்புலன்ஸ் அரை மணியில் வந்தது. குப்புசாமியை நாற்காலியில் வைத்துத் தூக்கிப் போனார்கள். அவளுடைய வாசலைத் தாண்டும்போது அவர் அவளைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவர் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். நூலைப் பல்லால் கடித்த கதையைக் கேட்டு ஸ்ரீகண்டன் தலையில் கை வைத்துக்கொண்டார். அவளுக்கும் அன்றே மருந்து ஆரம்பித்தார்கள். அவளுக்கு ஒன்றும் வரவில்லை. ஷெட்டுக்குப் பின்னால் செத்த கோழிகளைக் கொட்டி மூடிய குழியைக் கண்டுபிடித்தார்கள். அங்கே காவலுக்கு இருந்த பெண்ணுக்குக் காய்ச்சல். அவளையும் சேர்த்துப் பிழைக்க வைத்தார்கள். ஹனூரில் பதினொரு வீட்டிலும் மாதிரி எடுத்தார்கள், சுத்தம். ஒரு கோழியும் சாகவில்லை.

குப்புசாமிக்குப் பறவைக் காய்ச்சல்தான் என்று சோதனையில் வந்தது. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரி, அதில் ஏழு நாள் ஆக்ஸிஜன். இன்னும் இரண்டு நாள் விட்டிருந்தால் எங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர்கள் சொன்னதாக ஸ்ரீகண்டன் வந்து சொன்னார். அதை அவள் ஒவ்வொரு நாளும் ஒரு தடவை நினைத்துக்கொண்டாள். நினைத்தும் மனசு ஆறவில்லை. அவர் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக மகன் வீட்டுக்குப் போய்விட்டார். போன் எடுக்கவில்லை. சந்தையை அப்படியே பூட்டினார்கள். உயிர்க்கோழி இனி அங்கே கிடையாது. ஒருநாள் போய்ப் பார்த்தாள். பொதுக் கூண்டு நின்ற இடத்தில் ஸ்கூட்டர்கள் நின்றன. டீக்கடைக்காரர் டீ கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை ஒரு கோழிச் சத்தம் இல்லை. திரும்பி ஹனூர் பஸ் ஏறினாள். கூடை இல்லாததால் முனிராஜ் அன்றைக்கு ஜன்னலோரமே உட்கார வைத்தார்.

புதுச் சந்தை திறந்து எட்டு மாதமாகிறது. கோழிக்குக் காலில் இப்போது நம்பர் வளையம். எந்த வீட்டுக் கோழி என்று கேட்டால் காகிதத்தைக் காட்ட வேண்டும். பொதுக் கூண்டு கிடையாது. ஒருவர் கோழியை இன்னொருவர் தொடக் கூடாது. நல்ல சட்டம்தான், வந்தே ஆக வேண்டிய சட்டம். மாரக்காளே அதைச் சொல்வாள். இருந்தாலும் கை காலியாகும்போது தலை தன்னால் பக்கத்தில் திரும்பி விடுகிறது. பதினைந்தாம் நம்பர் ஐந்து மாதம் பூட்டிக் கிடந்தது. மூன்று மாதம் முன்னால் ஒருநாள் குப்புசாமி தடி ஊன்றிக்கொண்டு வந்து அதைத் திறந்தார். இளைத்துப் பாதியாகியிருந்தார். கோழிகளைக் கொள்ளேகால் பக்கத்துப் பெண்கள் சங்கத்திலிருந்து ஒரு வண்டி கொண்டு வந்து இறக்கியது. இவளை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. மூன்று மாதமாக ஆறடி தூரத்தில் ஒரு வார்த்தை கிடையாது.

போன ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கே அவள் கூண்டு காலி. ஒரு தம்பதி வந்தார்கள், மாரம்மாவுக்கு வேண்டுதலாம், வீட்டுக் கோழிதான் வேண்டுமாம். "தீந்துபோச்சுங். பக்கத்துல பாருங்" என்றாள். அவர்கள் பதினைந்துக்கு நகர்ந்தார்கள்.

"நெஜமா வீட்டுக் கோழிதானே? போன தடவை ஒரு இடத்துல ஏமாத்திட்டாங்க" என்றாள் அந்தப் பெண்.

குப்புசாமி கூண்டுக்குள் கை விட்டு ஒரு கோழியை எடுத்தார். நெஞ்சை ஊதிக் காட்டவில்லை, சதையைக் காட்டவில்லை. முகத்தைத் திருப்பி அலகைக் காட்டினார்.

"சந்தேகமா இருந்தா அந்தம்மாகிட்டக் கேட்டுக்குங்க. கோழி விசயத்துல அது பொய் சொல்லாது. எனக்காவ கூடச் சொல்லல."

மாரக்காளுக்குக் கண் நிறைந்துவிட்டது. இடைவெளி இருந்தபடியே இருக்க, இருந்த இடத்திலிருந்தே எட்டிப் பார்த்தாள். கூரான, நுனி முழுசான அலகு. கோழி அவளை ஒரு கண்ணால் முறைத்தது.

"வீட்டுக் கோழிதானுங்" என்றாள். "எங்கண்ணன் கோழி. கண்ண மூடிக்கிட்டு வாங்கிட்டுப் போங்."